படகு இன்ஜினுக்கு எத்தனை டிகிரி தெர்மோஸ்டாட் போடுவது? புதிதாகப் படகு வாங்கியவர்களுக்கு

பழைய இன்ஜினோடு படகு வாங்கினால் முதல் சீசனிலேயே இந்தக் கேள்வி வந்துவிடும். மெக்கானிக் 60 டிகிரி என்பார், கடைக்காரர் 82 டிகிரியை எடுத்து நீட்டுவார், பக்கத்துப் படகுக்காரர் "அதெல்லாம் எதுக்கு, கழற்றிப் போட்டுட்டு ஓட்டுங்க" என்பார். தூத்துக்குடியில் நாங்கள் வாங்கிய படகுக்கு இந்த மூன்று யோசனையும் கிடைத்தன. எதை நம்புவது என்று தெரியாமல் கடைக்கும் பட்டறைக்குமாக அலைந்து, அந்த இன்ஜினுக்கான புத்தகத்தைத் தேடிப் பிடித்துப் படித்த பிறகுதான் விஷயம் விளங்கியது. நீங்கள் அலைய வேண்டாம் என்பதற்காகத்தான் இதை வரிசையாக எழுதுகிறேன்.

தெர்மோஸ்டாட் என்பது இன்ஜினைக் குளிர வைக்கும் தண்ணீரின் வழியில் இருக்கும் வால்வு, அதில் அச்சான டிகிரிக்குச் சூடு ஏறியதும் தானாகத் திறக்கும். முதலில் இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் பிளாக்குக்குள் எந்தத் தண்ணீர் ஓடுகிறது என்பதுதான் டிகிரியைத் தீர்மானிக்கிறது, குதிரைசக்தியோ கம்பெனிப் பெயரோ அல்ல. அப்புறம், தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்வது இன்ஜின் எவ்வளவு குளிரலாம் என்கிற கீழ் எல்லையை மட்டும்தான். மேல் எல்லை பம்பு, சல்லடை, ஹீட் எக்ஸ்சேஞ்சர் கையில் இருக்கிறது. இது புரியாததால்தான் பாதிப் பேர் தேவையில்லாமல் பணத்தைச் செலவழிக்கிறார்கள்.

1. உள்ளே ஓடுவது கடல் தண்ணீரா, நல்ல தண்ணீரா?

இன்ஜினுக்கு முன்னால் நின்று பாருங்கள். கூலண்ட் (இன்ஜினைக் குளிர வைக்கும் திரவம்) ஊற்றுகிற தொட்டியும் அதன்மேல் ரேடியேட்டர் மூடி மாதிரி அழுத்த மூடியும் இருந்தால், அது நல்ல தண்ணீர் இன்ஜின். பிளாக்குக்குள் கூலண்ட் சுற்றும், கடல் தண்ணீர் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் மட்டும் போய் அந்தக் கூலண்டைக் குளிர வைத்துவிட்டு வெளியேறும். படகின் அடியில் குழாய் பதித்து, அதற்குள் கூலண்டை ஓடவிட்டுக் குளிர வைக்கிற அமைப்பும் உண்டு. அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

தொட்டி, மூடி எதுவும் இல்லாமல் கடல் பம்பிலிருந்து வரும் குழாய் நேரே பிளாக்குக்குப் போனால் அது கடல் தண்ணீர் இன்ஜின். படகின் பின்பக்கம் மாட்டும் அவுட்போர்டுகளும் இந்த வகைதான். காற்றால் குளிரும் சிறிய இன்ஜின் வைத்திருப்பவர்களுக்குத் தெர்மோஸ்டாட்டே கிடையாது, இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. பழைய படகில் தொட்டி இருப்பதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், குழாயைக் கையால் தடவிக்கொண்டே போய் எது எங்கே சேர்கிறது என்று பாருங்கள். ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஓட்டையாகி, புதிது வாங்கப் பணம் இல்லாமல், பட்டறையில் குழாயை மாற்றிக் கடல் தண்ணீரை நேரே பிளாக்குக்கு விட்டுவிட்ட இன்ஜின்கள் துறைமுகத்தில் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் அது நல்ல தண்ணீர் இன்ஜின் போலத்தான் தெரியும். உள்ளே பழைய 82 டிகிரி தெர்மோஸ்டாட்டும் அப்படியே இருக்கும். இதைவிட மோசமான சேர்க்கை கிடையாது. காரணத்தை மூன்றாவது படியில் சொல்கிறேன்.

2. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

இன்ஜினில் அடித்திருக்கும் தகட்டைத் துடைத்து, மாடல் பெயர், வரிசை எண் இரண்டும் தெளிவாகத் தெரியும்படி போட்டோ எடுங்கள். மாடல் பெயரின் கடைசியில் வரும் ஒற்றை எழுத்தைக்கூட விடாதீர்கள். யான்மாரின் பழைய 3ஜிஎம்30 இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். இது பாய்மரப் படகுகளில் உலகம் முழுக்க ஓடிய சிறிய டீசல் இன்ஜின். கடல் தண்ணீரில் குளிரும் வகைக்குத் தெர்மோஸ்டாட் 42 டிகிரியில் திறக்க ஆரம்பித்து 52-ல் முழுதாகத் திறக்கும். பெயரின் கடைசியில் ஒரு 'எஃப்' சேர்ந்தால் அது நல்ல தண்ணீர் வகை, அதில் 71-ல் திறக்க ஆரம்பித்து 85-ல் முழுதாகத் திறக்கும். ஒரே இன்ஜின் குடும்பம், ஓர் எழுத்துதான் வித்தியாசம், டிகிரியில் கிட்டத்தட்ட முப்பது வித்தியாசம்.

அடுத்தது சர்வீஸ் புத்தகமும் உதிரிபாகப் பட்டியலும். உரிமையாளருக்குத் தரும் மெல்லிய கையேட்டில் தெர்மோஸ்டாட் டிகிரி பெரும்பாலும் இருக்காது, மெக்கானிக்குகளுக்கான சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். டீலரிடம் மாடலையும் வரிசை எண்ணையும் கொடுத்துக் கேளுங்கள். புத்தகம் தராவிட்டாலும் பாக எண்ணையாவது சொல்வார்கள், அது போதும்.

படகின் பதிவுச் சான்றிதழை எடுத்து அதிலுள்ள இன்ஜின் விவரம் தகட்டோடு பொருந்துகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். முன்னவர் இன்ஜினை மாற்றிவிட்டு பதிவை மாற்றாமல் விட்டிருந்தால், சான்றிதழைப் பார்த்து வாங்குகிற பாகம் பொருந்தாது. அந்தப் பதிவையும் மீன்வளத்துறையின் வருடாந்திர ஆய்வு வருவதற்குள் சரிசெய்துகொள்ள வேண்டும். தெர்மோஸ்டாட் மாற்றுவதற்கென்று யாரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லை.

3. டிகிரியைத் தேர்ந்தெடுப்பது

புத்தகம் கிடைத்தால் அதில் உள்ளதுதான் விடை, வாதத்துக்கே இடமில்லை. கிடைக்காதவர்களுக்கு ஒரு பொது அளவு சொல்கிறேன்.

கடல் தண்ணீர் இன்ஜினுக்கு 60 டிகிரி ஒட்டி. அமெரிக்கப் பெட்ரோல் இன்போர்டுகளில் (படகுக்குள்ளேயே பொருத்தும் இன்ஜின்களில்) இதுவே 140 அல்லது 143 ஃபாரன்ஹீட் என்று அச்சாகியிருக்கும். அவுட்போர்டுகளில் பெரும்பாலும் 50-க்கும் 62-க்கும் நடுவில் வரும். நல்ல தண்ணீர் இன்ஜினுக்கு 71-லிருந்து 82 வரை. லாரி இன்ஜினைக் கடலுக்கு மாற்றி அமைத்த டீசல்களும் இந்த வட்டாரத்தில்தான் வரும், புதிய டீசல்களில் சில இன்னும் கொஞ்சம் மேலே போகும்.

ஏன் இந்த வித்தியாசம்? கடல் தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. சாப்பாட்டு உப்பு சூடான தண்ணீரில் நன்றாகக் கரையும். ஆனால் அதோடு சேர்ந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து உப்புகள் நேர்மாறு, சூடு ஏற ஏற கரைந்திருக்க முடியாமல் வெளியே வந்து உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். மானியில் 60 என்று காட்டும்போது அது ஓடுகிற தண்ணீரின் சூடு, சிலிண்டர் சுவரை உரசிப் போகும் தண்ணீர் அதைவிட நிறையவே சூடாக இருக்கும். அதனால்தான் இவ்வளவு தள்ளி நிற்கிறார்கள். 82 டிகிரி தெர்மோஸ்டாட்டைக் கடல் தண்ணீர் இன்ஜினில் போட்டால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது, இன்ஜின் அருமையாகக்கூட ஓடும். நாளாக நாளாக, தண்ணீர் ஓடும் வழிகளில் வெள்ளையாகக் கல் மாதிரி ஏடு படியும், முதலில் சந்துகள் அடையும், பிறகு ஹெட் சூடேறி கேஸ்கட் போகும். நாங்கள் வாங்கிய இன்ஜினின் ஹவுசிங்கை, அதாவது தெர்மோஸ்டாட் உட்காரும் கூட்டைத் திறந்தபோது விரல் நுழைய வேண்டிய வழியில் பென்சில்கூட சிக்கியது, ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் முட்டை ஓடு போலச் செதில் செதிலாக வந்தது.

சரி, அப்படியானால் எல்லாவற்றுக்கும் 50 போட்டுவிடலாமே என்றால், அதுவும் கூடாது. இன்ஜின் குளிர்ச்சியாகவே ஓடினால் எரிந்த வாயுவோடு கீழே இறங்கும் ஈரம் ஆயில் தொட்டியில் தண்ணீராகத் தேங்கும், எரியாத டீசல் ஆயிலில் கலந்து அதை இளக்கிவிடும், ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பால் கலந்த காபி நிறத்தில் பசை ஒட்டியிருக்கும். வெள்ளைப் புகை, கூடுதல் டீசல் செலவு, லைனர் (சிலிண்டரின் உள்சுவர்) தேய்மானம் எல்லாம் பின்னாலேயே வரும். முன்பெல்லாம் டீசலில் இருந்த கந்தகம் இந்த ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி லைனரை அரித்தது. 2020 ஏப்ரலிலிருந்து இங்கே விற்கும் பிஎஸ்-6 டீசலில் கந்தகம் மிகக் குறைவு, அதனால் இனிக் கவலையில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அமிலம் குறைந்தது உண்மை, ஆனால் ஈரமும் டீசல் கலப்பும் அப்படியேதான் இருக்கின்றன.

கம்ப்யூட்டர் வைத்த பெட்ரோல் இன்ஜின்களில் இன்னொரு சிக்கல். அவற்றில் சிலவற்றுக்கு, கடல் தண்ணீரில் குளிரும் வகையாகவே இருந்தாலும், கம்பெனியே 71 டிகிரி கொடுக்கிறது. நீங்கள் 60 போட்டால் இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று கம்ப்யூட்டர் நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக விட்டுக்கொண்டே இருக்கலாம். இந்த இடத்தில் பொது அளவைத் தள்ளிவிட்டுப் புத்தகத்தைக் கேளுங்கள்.

4. சூடேறுகிறது என்று டிகிரியைக் குறைக்காதீர்கள்

இதுதான் பெரும்பாலானோர் விழும் குழி. வேகம் கூட்டினால் சூடு ஏறிக்கொண்டே போகிறது, உடனே 82-ஐக் கழற்றி 71 போடுகிறார்கள். யோசித்துப் பாருங்கள், 82 டிகிரி வால்வு 92 வாக்கில் முழுதாகத் திறந்துவிட்டது, அதற்கு மேலும் சூடு ஏறுகிறது என்றால் திறந்த கதவு வழியாகவே போதுமான தண்ணீர் வரவில்லை என்று அர்த்தம். 71 போட்டால் கொஞ்சம் தாமதமாகச் சூடேறும், அவ்வளவுதான். சல்லடையில் பாசி, தேய்ந்த இம்பெல்லர் (கடல் பம்புக்குள் சுற்றும் ரப்பர் சக்கரம்), அதிலிருந்து ஒடிந்த ரப்பர் இறகு குழாயில் மாட்டிக்கொண்டது, ஹீட் எக்ஸ்சேஞ்சரில் உப்பு, தளர்ந்த பெல்ட், அடியில் தண்ணீர் எடுக்கும் துளையை மூடிய சிப்பி, இந்த வரிசையில் பாருங்கள்.

கழற்றி எறிவது அதைவிட மோசம். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இன்னொரு தட்டு இருக்கும், மேல் வால்வு திறக்கும்போது அது கீழிறங்கி சுற்றுவழியை மூடும். மொத்தத்தையும் கழற்றினால் அந்தச் சுற்றுவழி எப்போதும் திறந்தே இருக்கும், சூடான கூலண்டில் ஒரு பகுதி ஹீட் எக்ஸ்சேஞ்சர் பக்கமே போகாமல் திரும்ப பிளாக்குக்கே வரும். மெதுவாகப் போனால் இன்ஜின் குளிர்ந்தே கிடக்கும், வலையை இழுக்கும்போது கொதிக்கும். எங்கள் மன்னார் வளைகுடாவில் கடல் தண்ணீரே 28, 30 டிகிரி இருக்கும், அதனால் தெர்மோஸ்டாட் குளிர் நாடுகளுக்குத்தான் என்று ஒரு பேச்சு உண்டு. 30 டிகிரித் தண்ணீரும் 80-ல் ஓட வேண்டிய இன்ஜினுக்குக் குளிர்ந்த தண்ணீர்தான்.

5. மாற்றுவதற்கு முன் இப்போதைய சூட்டை அளந்து எழுதுங்கள்

டேஷ்போர்டு மானியை மட்டும் நம்பாதீர்கள். பழைய படகில் சென்சார் ஒரு கம்பெனி, மானி வேறு கம்பெனியாக இருக்கும், இரண்டும் பொருந்தாவிட்டால் காட்டுவது பொய். துப்பாக்கி மாதிரி இருக்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்குங்கள், ஆயிரம் ரூபாய் வாக்கில் கிடைக்கும். தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் பளபளப்பான உலோகத்தின் மேல் அடித்தால் குறைத்துக் காட்டும், அதனால் அங்கே கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன்மேல் அளவெடுங்கள்.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தது முதல் அளந்துகொண்டே வாருங்கள். சூடே ஏறாமல் கீழேயே நின்றால் வால்வு திறந்தபடி மாட்டியிருக்கிறது, அல்லது உள்ளே ஒன்றுமே இல்லை. கிடுகிடுவென ஏறி, ஹவுசிங்குக்கு அப்பால் உள்ள குழாய் குளிர்ந்தே இருந்தால் மூடியபடி மாட்டியிருக்கிறது. மேலும் கீழும் ஆடினால் உள்ளே காற்று அடைத்திருக்கலாம் அல்லது வால்வு சிக்கிச் சிக்கித் திறக்கிறது. புகைக்குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டுவதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம், வால்வு மூடியிருக்கும்போதும் சுற்றுவழியாகத் தண்ணீர் வெளியே போகும்படிதான் பெரும்பாலும் அமைத்திருக்கிறார்கள்.

6. நேரமும் செலவும்

கிழக்குக் கடற்கரை விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். எல்லோரும் அப்போதுதான் இன்ஜினைத் திறப்பார்கள், மெக்கானிக் கிடைக்க மாட்டார், கடையில் சரக்கு தீரும். வெளிநாட்டு இன்ஜின் என்றால் பாகம் வந்து சேரவே வாரக்கணக்கில் ஆகும். மார்ச் மாதமே பாக எண்ணைச் சொல்லி முன்பணம் கட்டிவிடுங்கள்.

லாரி இன்ஜின் வகைக்குத் தெர்மோஸ்டாட் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும், இறக்குமதி இன்ஜின்களின் ஒரிஜினல் பாகம் ஆயிரங்களில் போகும். கேஸ்கட், கூலண்ட், ஹோஸ் கிளிப் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வேலை ஒரு மணி நேரம்தான், ஆனால் ஹவுசிங் போல்ட் உப்பில் பிடித்து முறிந்துவிட்டால் ஒரு நாள் முழுக்கப் போகும், முறிந்த போல்ட்டை எடுக்கும் கூலி தெர்மோஸ்டாட் விலையையே தாண்டும். முதல் நாள் சாயங்காலமே துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிடுங்கள்.

7. கடையில் பார்க்க வேண்டியவை

பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். விட்டம், உயரம், அடித்தட்டு இருக்கிறதா இல்லையா, மூன்றும் ஒத்துப்போக வேண்டும். அடித்தட்டின் உயரம் கொஞ்சம் மாறினாலும் சுற்றுவழி மூடாது. அச்சாகியிருக்கும் எண் செல்சியஸா ஃபாரன்ஹீட்டா என்று பாருங்கள்: 140 என்றால் 60, 160 என்றால் 71, 180 என்றால் 82. அந்த எண் திறக்க ஆரம்பிக்கும் சூடு, முழுதாகத் திறக்க இன்னும் பத்து டிகிரி வாக்கில் ஆகும். அதனால் 71 போட்ட இன்ஜின் 78-ல் ஓடினால் பயப்பட வேண்டாம்.

கார் தெர்மோஸ்டாட் பல படகு இன்ஜின்களில் கச்சிதமாக உட்காரும், விலையும் குறைவு. கடல் தண்ணீர் இன்ஜினுக்கு அதை வாங்கவே வாங்காதீர்கள். டிகிரி ஒத்துவராது என்பது ஒரு பக்கம், அந்த இரும்பு உப்பில் சீக்கிரமே துருப்பிடித்து மூடியபடி மாட்டிக்கொள்ளும். பித்தளை, வெண்கலம் அல்லது ஸ்டெயின்லெஸ் வேண்டும்.

8. மாட்டுவதற்கு முன் சட்டியில் போட்டுப் பாருங்கள்

புதியதாக இருந்தாலும் செய்யுங்கள். வால்வின் இடுக்கில் ஒரு நூலைக் கொடுத்து, அந்த நூலிலேயே தெர்மோஸ்டாட்டைத் தண்ணீர்ச் சட்டிக்குள் தொங்கவிடுங்கள், அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது. சமையலறை வெப்பமானியையும் அதே ஆழத்தில் வைத்து மெதுவாகச் சூடாக்குங்கள். வால்வு திறக்க ஆரம்பித்ததும் நூலின் பிடி விட்டுப் பொத்தென்று விழும், அந்தக் கணத்தில் உள்ள டிகிரியைக் குறித்துக்கொள்ளுங்கள். அச்சான எண்ணுக்கு இரண்டு மூன்று டிகிரிக்குள் இருந்தால் நல்லது. மேலும் சூடாக்கி முழுதாகத் திறக்கிறதா என்று பார்த்து, அடுப்பை அணைத்தபின் இடைவெளி இல்லாமல் மூடுகிறதா என்றும் பாருங்கள். கடையில் மாற்றித் தருவதென்றால் மாட்டுவதற்கு முன்தான் தருவார்கள், பில்லை வைத்திருங்கள்.

9. மாட்டுவது

இன்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். சூட்டில் அழுத்த மூடியைத் திறந்தால் கொதிக்கும் கூலண்ட் முகத்தில் அடிக்கும். கடல் வால்வை மூடிவிட்டு, தண்ணீரை வடித்து, ஹவுசிங்கைக் கழற்றுங்கள். பழைய கேஸ்கட்டைச் சுரண்டும்போது துணுக்குகள் உள்ளே விழாமல் ஒரு துணியை அடைத்துக்கொள்ளுங்கள், முடித்ததும் அந்தத் துணியை எடுக்க மறக்காதீர்கள். மெழுகு நிரப்பிய குமிழ் இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும், விளிம்பில் ஆடும் சின்ன ஊசி இருந்தால் அது மேல்பக்கம் வர வேண்டும், அது காற்று வெளியேறும் வழி. அலுமினிய ஹவுசிங் என்றால் போல்ட்டை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், பலம் காட்டினால் விரிசல் விடும்.

கூலண்டைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள், அல்லது கலந்தே விற்பதை வாங்குங்கள். இங்கே தண்ணீர் உறையப் போவதில்லை என்று போர் தண்ணீரை ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். கடலோர போர் தண்ணீரில் உள்ள உப்பு போதும், நல்ல தண்ணீர் இன்ஜினையும் கடல் தண்ணீர் இன்ஜின் மாதிரி அடைத்துவிடும். கூலண்டில் துருப்பிடிக்காமல் காக்கும் மருந்தும் இருக்கிறது, நமக்கு வேண்டியது அதுதான்.

உள்ளே ஏற்கனவே உப்பு ஏடு இருந்தால் ஆசிட் ஊற்றிக் கழுவச் சொல்வார்கள். கழிவறைக்கு வாங்குகிற ஆசிட் அலுமினியத்தைத் தின்றுவிடும். இன்ஜினில் எங்கெல்லாம் அலுமினியம் இருக்கிறது என்று தெரிந்த ஆளிடம், இதற்கென்றே விற்கும் மருந்தைக் கொண்டு செய்துகொள்ளுங்கள்.

10. கடலில் சோதனை

கரையில் கட்டியபடி ஓட்டுவது ஒழுகல் பார்க்க மட்டும்தான். சுமையோடு ஓட்டினால்தான் சூடு தெரியும். கரையோரமாகவே பாதி வேகத்தில் கால் மணி நேரம், பிறகு முழு வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டி, கறுப்பு டேப்பின் மேல் அளவெடுங்கள். பாதி வேகத்திலும் முழு வேகத்திலும் சில டிகிரிதான் வித்தியாசம் இருக்க வேண்டும். முழு வேகத்தில் நிற்காமல் ஏறினால் வேகத்தைக் குறைத்துத் திரும்பி வாருங்கள், நான்காவது படியில் சொன்ன வரிசையைத் தொடங்குங்கள். எல்லாம் சரியாக இருந்தால், இன்ஜின் ஆறிய பிறகு கூலண்ட் இறங்கியிருக்கும், காற்று வெளியேறியதால்தான், மறுபடி நிரப்புங்கள்.

அதிகச்சூட்டு அலாரம் வேலை செய்கிறதா என்றும் அன்றே பார்த்துவிடுங்கள். பழைய படகுகளில் அந்த ஒயர் அறுந்து கிடப்பது சாதாரணம்.

ஹவுசிங்கின் மேல் பெயின்ட் பேனாவால் டிகிரியையும் மாட்டிய தேதியையும் எழுதுங்கள். அதே டிகிரியில் இன்னொரு தெர்மோஸ்டாட், ஒரு கேஸ்கட், ஒரு இம்பெல்லர் மூன்றையும் உப்புக்காற்று படாமல் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுப் படகிலேயே வைத்துவிடுங்கள், டப்பாவின் மூடியிலும் பாக எண்ணை எழுதிவிடுங்கள்.